அச்சேறுவதற்கு முந்திய அட்டை: சூப்பர்ஹீரோ காமிக்ஸின் அசல் ஓவியத்தை ரசிப்பது எப்படி?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அட்டை ஒன்றின் அசல் ஓவியத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். கடையில் பார்த்த இதழில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. அந்த இதழுக்காக ஓவியர் வரைந்த தாளிலோ கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருக்கின்றன. ஓரங்களில் பென்சில் குறிப்புகள், நடுவில் ஆங்காங்கே வெள்ளைப் பூச்சு, மேலே ஒட்டியிருக்கும் தலைப்புக் காகிதம் பழுப்பேறிக் கிடக்கிறது. "இது பாதியில் விட்ட படமா மாமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். "இல்லை கண்ணு, இதுதான் முழுப் படம். நீ கையில் வைத்திருப்பது இதைப் படம் பிடித்து அச்சடித்தது" என்றேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. காமிக்ஸ் படித்தே வளர்ந்தும், அந்த அட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் கையைப் பற்றி யோசிக்க வாய்ப்பில்லாமல் போனவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கென்று ஓவியர் ஒருவர் படம் தீட்டினால், அந்தப் படமே முடிந்த பொருள். காமிக்ஸ் அட்டையில் முடிந்த பொருள் அச்சிட்ட இதழ்தான். ஓவியர் வரைந்து கொடுத்த தாள், அச்சகத்தின் கேமராவுக்காகத் தயாரான வேலைத்தாள். கேமராவுக்கு எது தெரியுமோ அதில் அவர் உயிரைக் கொடுத்தார். எது தெரியாதோ அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய மெனக்கெடவில்லை. துடைக்காமல் விட்ட அந்த மிச்சங்கள்தான் அசலைப் பார்ப்பதன் பெரும் இன்பம் என்பேன். ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே மனம் மாறினார், எங்கே ஒரே இழுப்பில் துணிந்தார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பனியனில் பல வண்ணப் படம் அடிக்க வேண்டுமென்றால் பிரிண்டிங் பட்டறையில் வண்ணத்துக்கு ஒன்றாக ஸ்கிரீன் தயாரிக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனியாக ஒரு பிலிம். எந்தப் பிலிமிலும் வண்ணம் இருக்காது, கறுப்பாகத்தான் இருக்கும். வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிட்டுக் கறுப்பு வரியையும் இறக்கும்போதுதான் படம் படமாகத் தெரியும். ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், விலகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். காமிக்ஸ் அட்டைக்கும் இதே கணக்குதான். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்ற நான்கு மைகளில் கறுப்புக்கு உரியது எதுவோ, அதுவே நாம் பார்க்கும் அசல் ஓவியம்.

வண்ணம் சேர்த்தது வேறொருவர். கணினி வருவதற்கு முன்பு, அமெரிக்க நிறுவனங்களில் கறுப்பு வரியின் சிறிய நகல் ஒன்றில் வண்ண ஓவியர் சாயம் தீட்டி, எந்தப் பகுதியில் எந்த மை எத்தனை விழுக்காடு என்று எழுத்தாலும் எண்ணாலும் குறித்துக் கொடுப்பார். கறுப்பு நீங்கலான மூன்று மைகளில் ஒவ்வொன்றும் கால், அரை, முழு, அல்லது இல்லவே இல்லை. இந்த நான்கு நிலைகளைக் கலந்தால் கிடைப்பவை 64 வண்ணங்கள். உள்பக்கங்களுக்கு அவ்வளவுதான். அட்டைக்கு மட்டும் வழவழப்பான தாளும் இன்னும் நுணுக்கமான வண்ணப் பிரிப்பும் கிடைத்தன. வண்ணக் குறிப்பு எழுதிய அந்தச் சிறு நகல்களையும் இன்று தேடிச் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆனால் பேச்சுவழக்கில் அசல் அட்டை என்றால் கறுப்பு மைத் தாளைத்தான் குறிக்கும்.

அந்தக் கறுப்பு மைத் தாளிலும் பெரும்பாலும் இருவர் கை இருக்கும். ஒருவர் பென்சிலில் வரைகிறார். இன்னொருவர் அதன்மேல் தூரிகையாலும் நிப் பேனாவாலும் இந்தியன் இங்க் போடுகிறார். மை போடுவதைப் பென்சில் கோட்டின் மேல் ஓட்டும் எளிய வேலை என்று நினைப்பது பெரிய அநியாயம். பென்சிலில் வெளிச்சமும் நிழலும் சாம்பல் நிறத்தில் பல படிகளாக இருக்கும். மையில் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. தசையின் திரட்சியையும் துணியின் மென்மையையும் இரும்பின் கடினத்தையும் கோட்டின் தடிமனை மாற்றியே காட்டியாக வேண்டும். ஒரே பென்சில் ஓவியத்தை இரண்டு பேரிடம் மை போடக் கொடுத்தால் இரண்டு வேறு வீரர்கள் வருவார்கள். ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு அட்டையைப் பாருங்கள். அதற்குப் பென்சில் ஜாக் கர்பி, மை ஸ்டீவ் டிட்கோ. முதலில் டிட்கோவே ஓர் அட்டை வரைந்து கொடுத்திருந்தார். அதை ஒதுக்கிவிட்டுக் கர்பியை வரையச் சொன்னார்கள். கர்பியின் பெருத்த, முன்னால் தள்ளிவரும் உடல். டிட்கோவின் மெல்லிய, பதற்றமுள்ள கோடு. அந்த அட்டை அறுபது ஆண்டுக்குப் பிறகும் நிற்பதற்கு இந்தக் கூட்டும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் இதழ் ஏறத்தாழ ஆறரை அங்குல அகலம், பத்தேகால் அங்குல உயரம். அசல் அதைவிடப் பெரிது. 1967 வாக்கு வரை அச்சளவைப் போல ஏறத்தாழ இருமடங்குத் தாளில் வரைந்தார்கள். அதன்பிறகு ஒன்றரை மடங்கு. 11க்கு 17 அங்குலத்தில் பிரிஸ்டல் போர்டு என்ற தடித்த வரைதாள் வழக்கத்துக்கு வந்தது. பெரிதாக வரைந்து கேமராவில் சுருக்கினால் கோட்டின் நடுக்கமும் சேர்ந்து சுருங்கி, அச்சில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். எனவே அசலைப் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது, ஓவியர் மேசையில் குனிந்து பார்த்த அதே அளவு.

இனி ஒரு தாளை அருகில் வைத்துப் பார்ப்போம்.

கோவையில் நண்பர் ஒருவரிடம் 1980களின் சூப்பர்ஹீரோ அட்டை ஒன்றின் அசல் இருக்கிறது. மேலங்கி விரிய வீரன் மேலிருந்து பாய்ந்து வருகிறான். கீழே கட்டடங்கள். அவன் வலது கையின் மடக்கிய முட்டி நம் முகத்துக்கு நேராக வருகிறது. எட்ட நின்று பார்த்தால் அவ்வளவுதான். ஒரு சாண் தூரத்துக்குப் போனால் அந்த முட்டியைச் சுற்றி வெளிர்நீலப் பென்சிலில் இன்னும் இரண்டு முட்டிகள் தெரிகின்றன. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் சிறியது. ஓவியர் இரண்டு முறை இடம் மாற்றி, மூன்றாவதாகத்தான் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். நீலப் பென்சிலை அவர் அழிக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அச்சகத்தில் வரி எடுக்கும் பிலிமுக்கு வெளிர்நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். எத்தனை கோடு போட்டாலும் அச்சில் வராது.

மேலங்கியின் உள்மடிப்பில் கன்னங்கரிய பரப்பு ஒன்று. அதன் நடுவே, சாய்த்துப் பார்த்தால், மைக்கு அடியில் சின்னப் பெருக்கல் குறி ஒன்று பென்சிலில் தெரிகிறது. இந்த இடம் முழுக்கக் கறுப்பு என்று பென்சில் ஓவியர் மை போடுபவருக்குச் சொன்ன சேதி அது. கறுப்பும் ஒரே மாதிரி இல்லை. பரப்பின் நடுவில் தூரிகை தாராளமாகப் போயிருக்கிறது. ஓரத்துக்கு வரவரக் கோடுகள் மெலிந்து, நுனி ஊசியாகி வெள்ளையில் கரைகின்றன. ஒவ்வொரு கோடும் தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது; கை தூரிகையை அழுத்தி வைத்து, இழுத்துக்கொண்டே தூக்கியிருக்கிறது. கட்டடச் சன்னல்களில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே அடிக்கோல் வைத்து நிப்பால் இழுத்த ஒரே தடிமன். உயிருள்ளதற்குத் தூரிகை, உயிரற்றதற்கு நிப். இந்தப் பிரிவை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எந்த அட்டையைப் பார்த்தாலும் கண் அதைத் தேடும்.

முகவாய்க்குக் கீழே வெள்ளைப் பூச்சு. மை வழிந்ததை மறைத்ததாகவும் இருக்கலாம், தாடையை மறுபடி செதுக்கியதாகவும் இருக்கலாம். விரல் வைக்காமல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பார்த்தால் பூச்சின் மேடு தெரிகிறது. மேலே இதழின் தலைப்பு, நகலெடுத்து வெட்டி ஒட்டியது. ஒட்டுவதற்குப் பயன்படுத்திய ரப்பர் பசை காலப்போக்கில் பழுப்பாகிக் காகிதத்தை ஊடுருவியிருக்கிறது. இதைக் கறை என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த ஒட்டுக் காகிதம்தான் இந்தத் தாள் நிஜமாகவே அச்சகத்துக்குப் போய் வந்தது என்பதற்குச் சாட்சி. விளிம்பில் இதழ் எண், மாதம், எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு. அச்சில் வெட்டுப்பட்டுப் போகும் இடத்திலும் ஓவியர் மேலங்கியின் நுனியை முழுமையாக வரைந்திருக்கிறார். இதழை வாங்கிய யாரும் அந்த நுனியைப் பார்த்ததில்லை.

அட்டைக்கு என்ன வேலை?

உள்பக்கம் கதை சொல்கிறது. அட்டைக்கு அதைவிட நெருக்கடியான வேலை. கடையில் நாற்பது இதழ்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு, போகிறவரை நிறுத்த வேண்டும். அதுவும் ஒரே படத்தில், ஏறக்குறைய வசனம் இல்லாமல். போதாக்குறைக்கு, மேலே கால்வாசி இடம் தலைப்புக்குப் போய்விடும். மூலையில் விலைக்கும் எண்ணுக்கும் இடம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து பார்கோடுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் வேறு. அசலில் இந்த இடங்களைப் படம் வரையாமல் வெறுமையாக விட்டிருப்பார்கள். ஓவியர் அந்த வெறுமையையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டால் படம் சமநிலை இல்லாதது போலத் தோன்றும்.

சூப்பர்மேன் முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையை (1938) இணையத்தில் எடுத்துப் பாருங்கள். ஜோ ஷுஸ்டர் வரைந்தது. வீரன் ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். ஆனால் என் கண் ஒவ்வொரு முறையும் இடது கீழ் மூலையில் இருக்கும் மனிதனிடம்தான் போய் நிற்கிறது. தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து, படத்தைவிட்டே வெளியே ஓடிவருகிறான். காரைத் தூக்கும் பலத்தை அந்தப் பயந்த முகம்தான் நம்ப வைக்கிறது. வீரனின் பெருமையைப் பார்க்கிறவன் முகத்தில் காட்டுவது பழைய உத்தி. ஷுஸ்டர் அதை இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிலேயே பிடித்துவிட்டார்.

வேறொரு வழி நீல் ஆடம்ஸுடையது. விளம்பர ஓவியத்தில் கை பழகி காமிக்ஸுக்கு வந்தவர். சூப்பர்மேன் 233ஆம் இதழுக்கு (1971) அவர் வரைந்த அட்டையில், வீரனைப் பலவீனமாக்கும் பச்சைக் கல்லால் ஆன சங்கிலிகள் மார்பைச் சுற்றியிருக்கின்றன. மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கிறான், அவை தெறிக்கின்றன. வேறு யாரும் படத்தில் இல்லை, தேவையும் இல்லை. தோள், மார்பு, இறுகிய முட்டிகள் எல்லாம் உண்மையான உடற்கூறுப்படி இருக்கின்றன. நடக்க முடியாத காரியம் நடக்கக்கூடியது போலத் தெரிவது அதனால்தான்.

பிராங்க் மில்லர் 1986இல் வரைந்த பேட்மேன் அட்டையில் முகமும் இல்லை, தசையும் இல்லை. மின்னல் வெட்டுகிறது, அதன் முன்னால் பாயும் ஒரு கரிய நிழல். இரண்டு காதும் மேலங்கியின் கிழிந்த விளிம்பும் போதும். யாரென்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். சூப்பர்ஹீரோ உருவம் ஒன்று நன்றாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. உள்ளே எல்லாவற்றையும் கறுப்பால் நிரப்பிவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் அது தேறியது.

நம் கடைகளில் தொங்கிய அட்டைகள்

எங்கள் தலைமுறைக்குச் சூப்பர்ஹீரோ என்றால் இரும்புக்கை மாயாவிதான். இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய தொடர். அதன் தோற்றத்தை நிலைநாட்டியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி தமிழுக்கு வந்தார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் வீரர். அட்டை ஓவியருக்கு இது எப்படிப்பட்ட சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் கண்ணுக்குத் தெரியமாட்டான், ஆனால் அட்டையில் அவன்தான் இருக்க வேண்டும். கோபம், வேகம், ஆபத்து அனைத்தையும் ஒரு கை தாங்க வேண்டும். விரல்கள் விரிந்திருக்கின்றனவா, மடங்கியிருக்கின்றனவா, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதில்தான் முழு நடிப்பும். பழைய மாயாவி இதழ் ஏதாவது கையில் கிடைத்தால் கை மட்டும் தெரியும் படங்களை மட்டும் தேடிப் பாருங்கள். கைகளை வரைவதில் எத்தனை வகை உண்டென்று புரியும்.

லயன் காமிக்ஸ் 1984இல் வந்தது. அதில் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, வேறொருவர்) வந்தார். கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். படங்கள் ரெக் பன். நெருக்கமான குறுக்குக் கோடுகளாலேயே இருட்டை உண்டாக்குவார் பன். கறுப்பைப் பூசுவதற்கும் கறுப்பைக் கோடுகளால் நெய்வதற்கும் என்ன வேறுபாடு என்று அறிய, மேலே சொன்ன அமெரிக்கத் தூரிகை வேலையோடு அவர் பக்கம் ஒன்றை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சிவகாசி அட்டைகளின் வழி இன்னொன்று. மாலையப்பன் போன்ற ஓவியர்கள் போஸ்டர் கலரில் முழு வண்ணத்தில் தீட்டிய அட்டைகள் அவை. காலண்டர் ஓவியத்தில் பழகிய ஊரின் கைநேர்த்தி அதில் இருக்கிறது: கன்னத்தில் கரையும் சிவப்பு, வானத்தில் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு இறங்கும் படி, உலோகத்தில் பளிச்சென்ற வெள்ளைத் தீற்று. இத்தகைய அட்டையின் அசலில் வண்ணமும் அசல். நீலப் பென்சிலைத் தேடும் கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. எந்த வண்ணம் அடியில், எது மேலே, எங்கே ஈரம் காயும் முன் அடுத்த வண்ணம் கலந்தது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளை அசலுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை இந்தப் போஸ்டர் கலர் அசலுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவற்றைப் போற்றுவது நம் பொறுப்பு. வேறு நாட்டிலிருந்து யாரும் வந்து செய்யப்போவதில்லை.

கொங்கு நாட்டார் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய பெயர் ஒன்றும் இருக்கிறது. அம்புலிமாமா ஓவியர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன், 1924இல் பிறந்தவர். பெயரின் முதலெழுத்தில் இருப்பது தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவு. 2020இல் மறைந்தார், மறைந்தபின் பத்மஸ்ரீ கிடைத்தது. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை இந்திய மொழிகள் பலவற்றின் குழந்தைகளுக்குக் காட்டியவர் அவர். சூப்பர்ஹீரோ அட்டையில் எதைப் பார்க்கச் சொன்னேனோ அதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. தோளில் பாரம் இருப்பது முதுகுக் கோட்டில் தெரிகிறது. பாரம் இருந்தும் நடை தளரவில்லை என்பது காலடியில் தெரிகிறது. வெளிக்கோட்டை மட்டும் விட்டுவைத்தாலும் யாரென்று சொல்லிவிடலாம்.

ஏன் இவ்வளவு அரிது, ஏன் இவ்வளவு விலை?

அமெரிக்கப் பதிப்பாளர்கள் நெடுங்காலம் இந்தத் தாள்களை அச்சு வேலை முடிந்த கழிவாகத்தான் நினைத்தார்கள். கிழித்தார்கள், எறிந்தார்கள், வந்தவருக்குக் கொடுத்தார்கள். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் அட்டையின் அசல் எங்கும் இருப்பதாகத் தகவல் இல்லை. ஓவியர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் 1970களில்தான் வேரூன்றியது. அதற்காக உரக்கக் குரல் கொடுத்தவர்களில் நீல் ஆடம்ஸ் முக்கியமானவர். கர்பியின் கதை மனத்தை வருத்தும். ஸ்பைடர்மேன் இதழ்களை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரைந்தவர் அவர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1987இல் அவர் கைக்குத் திரும்பியவை ஏறத்தாழ இரண்டாயிரம். ஸ்பைடர்மேன் தோன்றிய முதல் இதழின் 24 உள்பக்க அசல்களை 2008இல் பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். கோடிகளுக்கு விற்றிருக்கலாம், கொடுத்துவிட்டார்.

விலையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன மில்லரின் பேட்மேன் அட்டை 2022இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை முதலில் வரும் உள்பக்கம் ஒன்று, மைக் ஸெக் வரைந்தது, 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. இந்த எண்கள் கதைத் திருப்பத்துக்கும் நினைவுக்கும் கொடுக்கப்பட்டவை. கோட்டின் தரத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது. ஏலத்தில் சில நூறு டாலருக்குப் போகும் பெயர் தெரியாத தாளிலும் அற்புதமான தூரிகை வேலை இருக்கும்.

எதை அசல் என்கிறோம் என்பதில் மட்டும் புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பென்சில் ஓவியர் ஒரு நாட்டிலும் மை போடுபவர் இன்னொரு நாட்டிலும் இருக்கிறார்கள். பென்சில் படத்தை ஸ்கேன் செய்து அனுப்ப, அவர் அதை வெளிர்நீலத்தில் வேறு தாளில் அச்சிட்டு அதன்மேல் மை போடுகிறார். எனவே ஒரே அட்டைக்கு இரண்டு தாள்கள் இருக்கும். நீல அச்சின்மேல் போட்டதில் பென்சில் ஓவியரின் கை படவே இல்லை. முழுக்கக் கணினியில் வரைந்த அட்டைக்குத் தாளே கிடையாது. ஓவியர் கையெழுத்திட்ட பிரதி கிடைத்தால் அது நல்ல அச்சுப் பிரதி, அவ்வளவே. புகழ்பெற்ற தன் பழைய அட்டையை ஓவியரே பிற்காலத்தில் மறுபடி வரைந்து விற்பதும் உண்டு. அதுவும் மதிப்புள்ளதுதான், ஆனால் அச்சகம் பார்த்த தாள் அல்ல. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி எளிது: இந்தத் தாளிலிருந்தா இதழ் அச்சானது?

தொடங்குவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்கள் தாங்கள் விற்ற ஓவியங்களின் பெரிய படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஓர் அட்டையின் அசல் படத்தையும் அச்சான இதழின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எது மறைந்தது, எது சேர்ந்தது என்று பாருங்கள். அடுத்து டிரேசிங் தாளை வைத்து அந்த அட்டையின் பெரிய சாய்வுக் கோடுகளை மட்டும் இழுத்துப் பாருங்கள். முகமும் உடையும் வேண்டாம். கண் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழியாத பழைய காமிக்ஸ் இன்னமும் சில நேரம் கிடைக்கிறது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் அங்கே ஒன்றுகூடுவது வழக்கம். இளைஞர்கள் தயங்காமல் போய்ப் பேச வேண்டும். எந்த இதழின் அட்டை எந்த வெளிநாட்டு ஓவியத்தைப் பார்த்து வரைந்தது, எது சிவகாசியிலேயே புதிதாகத் தீட்டியது என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வேறெங்கும் எழுதி வைக்காத அறிவு அது.

அசல் ஒன்றை வாங்கியே விட்டீர்கள் என்றால், பராமரிப்பில் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. ஈரோட்டிலும் கரூரிலும் வெயில்தான் எதிரி. இந்தியன் இங்க் எளிதில் மங்காது. ஆனால் மார்க்கர் பேனாவால் நிரப்பிய கறுப்பு சில ஆண்டுகளில் ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். போஸ்டர் கலரும் வெளிறும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். முடிந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரத்தோடு வரும். வெளிச்சுவரில் மாட்டினால் அந்த ஈரம் சட்டத்துக்குள் போய்ப் பூஞ்சை பிடிக்கும். உள்சுவர் நல்லது. சட்டம் போடும் கடையில் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைக்க விடாதீர்கள். நடுவில் அமிலமில்லா அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். செலோடேப் கூடவே கூடாது. உதிரும் நிலையில் இருக்கும் தலைப்புக் காகிதத்தை வீட்டிலேயே பசை போட்டு ஒட்ட முயலாமல், ஒரு உறையில் போட்டுத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சட்டத்தைக் கழற்றி, பின்பக்கம் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.